எங்கள் கீரி

பத்தாம் வகுப்பு மாணவியர் ஐவர்

செஞ்சிப் பக்கத்துப் பெண்கள் என்று சொன்னாலே வெளியூர்த் தோழியர் கோட்டையைப் பற்றித்தான் கேட்பார்கள். ராஜகிரியில் ஏறியிருக்கிறீர்களா, தேசிங்கு ராஜன் கதை தெரியுமா என்பார்கள். 2025ஆம் ஆண்டு ஜூலை மாதம் மராத்தியர் காலத்துக் கோட்டைகள் 12ஐ உலகப் பாரம்பரியச் சின்னங்களாக அறிவித்தார்கள். அவற்றுள் தமிழ்நாட்டிலிருந்து இடம் பெற்ற ஒரே கோட்டை எங்கள் செஞ்சிக் கோட்டை. அதன்பின் கேள்விகள் இன்னும் கூடிவிட்டன. ஆனால் அவலூர்பேட்டையில் வாழும் எங்கள் ஐவருக்கும் மறக்க முடியாத இடம் கோட்டை அன்று. அது எங்கள் ஊர் ஏரிக்கரை. அங்கே நாங்கள் ஒரு தவறு செய்தோம். அந்தத் தவறையும் அதற்குச் செய்த பரிகாரத்தையும் ஆண்டு மலரில் எழுதும்படி எங்கள் வகுப்பு சிஸ்டர் சொன்னார்கள். மறைக்காமல் எழுதுகிறோம்.

தை மாதம் சம்பா அறுவடை முடிந்ததும் எங்கள் பக்கத்து வயல்களுக்கு வாத்து மந்தைகள் வரும். மந்தை என்றால் பத்து இருபது அல்ல. நூற்றுக்கணக்கில், சில சமயம் ஆயிரத்துக்கும் மேலாக இருக்கும். கையில் நீண்ட கோலுடன் இரண்டு மூன்று பேர் அவற்றை ஓட்டி வருவார்கள். அறுத்த வயலில் சிந்திக் கிடக்கும் நெல்மணியும், சேற்றில் உள்ள நத்தையும் புழுவும்தான் அவற்றுக்குத் தீனி. வயல்காரருக்கும் இதனால் நன்மை உண்டு. நத்தையும் பூச்சியும் குறையும், எச்சம் எருவாகும். இரவில் வலை கட்டிய பட்டியில் அடைப்பார்கள். வாத்து பெரும்பாலும் விடியற்காலையில்தான் முட்டையிடும். ஆகவே பொழுது விடியும் முன்பே கூடையுடன் பட்டிக்குள் நுழைந்து முட்டை பொறுக்கிவிட்டு, அதன்பின் மந்தையைத் திறந்துவிடுவார்கள். ஓர் ஊரில் தீனி தீர்ந்தால் அடுத்த ஊர். ஆந்திரம், கர்நாடகம் வரை செல்பவர்களும் உண்டு.

2024ஆம் ஆண்டு அப்படி வந்து சென்ற ஒரு மந்தையிலிருந்து ஒரே ஒரு வாத்து மட்டும் எங்கள் ஏரியில் தங்கிவிட்டது. கோரைப் புல்லில் ஒதுங்கியதோ, கணக்கெடுக்கும்போது தப்பியதோ தெரியாது. பழுப்பு நிறம், கழுத்தில் சற்று வெளுப்பு. கரையோரம் டீக்கடை வைத்திருக்கும் தாத்தா அதைப் பார்த்துவிட்டு, "இது கீரி ஜாதி வாத்து" என்றார். கீரிப்பிள்ளையின் நிறத்தில் இருப்பதால் அந்தப் பெயராம். அன்று முதல் நாங்களும் அதைக் 'கீரி' என்றே அழைத்தோம். பள்ளிப் பேருந்துக்காக நாங்கள் நிற்கும் இடம் அந்தக் கரைதான். காலையும் மாலையும் அதைப் பார்ப்போம். வெயில் காலத்தில் ஏரி வற்றிக் குட்டையானபோதும் அது அந்தக் குட்டையை விட்டுப் போகவில்லை. போகவும் அதனால் முடியாது. குளிர் நாடுகளிலிருந்து வரும் கிளுவையும் ஊசிவால் வாத்தும் ஆயிரக்கணக்கான கல் பறக்கும். வீட்டு வாத்தின் உடலோ கனம். அதற்குச் சிறகு இருந்தும் வானம் இல்லை.

ஆரம்பத்தில் எட்ட நின்றுதான் பார்த்தோம். ஒரு நாள் எங்களில் ஒருத்தி தன் சாப்பாட்டுப் பையிலிருந்த ரொட்டித் துண்டை எறிந்தாள். கீரி நீந்தி வந்து தின்றது. அவ்வளவுதான், மறுநாள் முதல் போட்டி தொடங்கிவிட்டது. ஒருத்தி முறுக்கு, ஒருத்தி பிஸ்கட், ஒருத்தி பொரி. யார் கையிலிருந்து முதலில் வாங்கித் தின்னும் என்று பந்தயம் கட்டினோம். ஆடி மாதத்துக்குள் அது தண்ணீரை விட்டு ஏறி, கரை மேல் நடந்து, சாலை ஓரம் வரை வந்து எங்களுக்காக நிற்கப் பழகிவிட்டது. பேருந்துச் சத்தம் கேட்டாலே கத்தும். நாங்கள் இறங்கும்போது எங்கள் காலடியில் வந்து நிற்கும். பேருந்தில் உள்ள மற்றப் பிள்ளைகள் ஜன்னல் வழியே எட்டிப் பார்ப்பார்கள். எங்களுக்கு எத்தனை பெருமை!

டீக்கடைத் தாத்தா மட்டும் முகம் சுளித்தார். "ஏம்மா, அதுக்குத் தீனி போட்டுப் பழக்காதீங்க. ஏரியில அதுக்கு வேணுங்கறது இருக்குது. ரோட்டுக்கு வர ஆரம்பிச்சா ஒருநாள் போயிடும்" என்றார். நாங்கள் தலையாட்டினோம். அவர் அந்தப் பக்கம் திரும்பியதும் பொரியைத் தூவினோம்.

2024 நவம்பர் 30ஆம் நாள் இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. விழுப்புரம் மாவட்டம் பட்ட பாட்டை எல்லாரும் அறிவீர்கள். மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. சங்கராபரணி ஆறு பெருக்கெடுத்தது. டிசம்பர் 1ஆம் நாள் திருவண்ணாமலையில் மலை சரிந்து எழுவர் உயிர் இழந்தனர். எங்கள் தெருவிலும் மின்சாரம் இல்லை. சில வீடுகளில் சுவர் இடிந்தது. பள்ளிகளுக்கு விடுமுறை. ஏரி நிறைந்து கலிங்கல் வழியே தண்ணீர் பாய்ந்தது. அந்த நாட்களில் கீரியை நாங்கள் நினைக்கவே இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

மழை ஓய்ந்து, பாதை சரியானதா என்று பார்க்க நாங்கள் கரைக்குப் போனபோது டீக்கடைத் தாத்தா எங்களைக் கூப்பிட்டார். கடைக்குப் பின்னால் ஒரு தக்காளிக் கூடையைக் கவிழ்த்து வைத்திருந்தார். நிமிர்த்தினார். உள்ளே கீரி. இடது சிறகு தொங்கியது. தோளருகே சதை கிழிந்து இறகுகள் இரத்தத்தில் ஒட்டிக் கிடந்தன. எங்களைப் பார்த்ததும் எழ முயன்று விழுந்தது.

"மூணு நாளா பஸ்ஸு நிக்கற எடத்துலயே வந்து நின்னுச்சு. உங்களத்தான் தேடுச்சு. மழையில தீனி கெடைக்காத நாய்ங்க சுத்திக்கிட்டிருந்துச்சுங்க. நேத்து சாயந்தரம் ஒண்ணு புடிச்சிடுச்சு. நான் கல்ல எடுத்து அடிச்சேன்" என்றார்.

அவர் எங்களைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஏரியில் ஆழமான தண்ணீர் இருந்தது. நாய் வராத நாணல் திட்டு இருந்தது. அதையெல்லாம் விட்டுவிட்டு அது சாலையில் வந்து நின்றதற்கு நாங்கள் ஐவரே காரணம். யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

வீட்டுக்குத் தூக்கி வந்தோம். அதுவும் ஒழுங்காகத் தூக்கத் தெரியவில்லை. ஒருத்தி காலைப் பிடிக்க, ஒருத்தி கழுத்தைப் பிடிக்க, அது துடித்தது. வீட்டில் இருந்த அம்மாதான் ஒரு பழைய துண்டை அதன் மேல் போட்டு, நல்ல சிறகையும் சேர்த்து உடலோடு அணைத்து எடுத்தார்கள். கண் மறைந்ததும் அது அடங்கியது. அதன்பின் காயத்தில் மஞ்சளைக் குழைத்து, நல்லெண்ணெயும் விட்டு நன்றாகப் பூசினோம். நல்லது செய்கிறோம் என்றுதான் நினைத்தோம்.

அந்த வீட்டுப் பாட்டிக்கு இது பிடிக்கவில்லை. "மனுஷனுக்கே கஞ்சி இல்லாத நேரத்துல வாத்துக்கு வைத்தியமா?" என்றார்கள். அந்தக் கேள்வி எங்களைச் சுட்டது. அதில் நியாயம் இருந்தது. பள்ளி திறந்ததும் சிஸ்டரிடம் அதையே கேட்டோம். "வெள்ளத்தில் பாதிக்கப்பட்டவர்களுக்கு அரிசியும் துணியும் சேர்க்கிறோமே, அந்த வேலையில் சேர்ந்துகொள்ளுங்கள். அதைச் செய்துவிட்டு இதையும் செய்யுங்கள். வாத்துக்கு இரங்கினால் மனிதருக்கு இரக்கம் குறைந்துவிடும் என்று யார் சொன்னது?" என்றார்கள். மயிலுக்குப் போர்வை கொடுத்த பேகனும் முல்லைக்குத் தேர் ஈந்த பாரியும் தங்களிடம் வந்த ஏழைகளை விரட்டினார்களா என்றும் கேட்டார்கள். இரண்டு நாள் மாலையில் அரிசி அளந்து மூட்டை கட்டினோம்.

ஆனால் அதற்கு முன்பே, கீரியைக் கண்டதற்கு மறுநாள் காலையில், அட்டைப் பெட்டியில் துளை போட்டு, அடியில் வைக்கோல் பரப்பி, அதைக் கால்நடை மருத்துவரிடம் கொண்டு போனோம். அங்கே வெள்ளத்தில் அடிபட்ட மாடுகளும் சளி பிடித்த ஆடுகளும் வரிசையாக நின்றன. கன்றை இழந்த பசு ஒன்றைப் பிடித்துக்கொண்டு ஒரு பெரியவர் தரையில் உட்கார்ந்திருந்தார். எங்கள் பெட்டியை முன்னால் நீட்ட எங்களுக்கு மனம் வரவில்லை. மதியம் ஒரு மணி வரை காத்திருந்தோம்.

மருத்துவர் பெட்டியைத் திறந்ததும், "யார் எண்ணெய் பூசியது?" என்றார். நாங்கள் ஐவரும் கை தூக்கினோம். நீர்ப் பறவையின் இறகில் எண்ணெய் பட்டால் இறகுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். உடலின் சூடும் போய்விடும், தண்ணீரும் உள்ளே ஏறும் என்று விளக்கினார். உப்புநீர் மருந்தால் மெதுவாகக் கழுவி, காயத்தைச் சுற்றியுள்ள இறகுகளை மட்டும் கத்தரித்து, நீர் கலந்த அயோடின் மருந்தால் துடைத்தார். ஈ உட்கார்ந்தால் ஒரே நாளில் புழு வைத்துவிடும், பெட்டியைக் கொசுவலையால் மூடுங்கள் என்றார்.

சிறகின் எலும்பு ஓரிடத்தில் முறிந்திருந்தது. அதை இயல்பாக மடியும் நிலையில் மடித்து, தன்மேல் தானே ஒட்டும் துணிக் கட்டினால் உடலோடு சேர்த்துக் கட்டினார். கட்டின் உள்ளே விரலை நுழைத்துப் பார்த்தார். நாங்கள் ஏன் என்று கேட்டோம். நமக்கு இருப்பதுபோல் பறவைக்கு உதரவிதானம் கிடையாதாம். மார்பெலும்பு முன்னும் பின்னும் அசைந்தால்தான் மூச்சு வரும். கட்டை இறுக்கினால் மூச்சு நின்றுவிடும். இதை எட்டாம் வகுப்பில் படித்திருந்தாலும் மறந்திருப்போம். அன்று கேட்டதை மறக்கவே மாட்டோம்.

"பறவையின் எலும்பு சீக்கிரம் கூடும். மூன்று வாரம் பொறுங்கள். ஆனால் இந்தச் சிறகு முழுக்க நேராகும் என்று சொல்ல மாட்டேன்" என்றார். குடிநீரில் கலக்க மருந்து கொடுத்தார். மருந்து கொடுக்கும் நாட்களில் அது முட்டையிட்டால் யாரும் உண்ணக் கூடாது என்றார். எங்கள் வீட்டுக் கோழிகளோடு சேர்க்கக் கூடாது. தொட்டபின் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். 2020ஆம் ஆண்டின் இறுதியில் கேரளத்தில் ஆலப்புழை, கோட்டயம் பக்கத்தில் பறவைக் காய்ச்சல் வந்து ஏராளமான வாத்துகளை அழிக்க வேண்டி வந்ததை நினைவூட்டினார். இரக்கம் இருந்தால் மட்டும் போதாது, எச்சரிக்கையும் வேண்டும் என்று அன்று அறிந்தோம்.

தீனியைப் பற்றிக் கேட்டபோது எங்களுக்கு முகம் வெளுத்தது. ரொட்டி, முறுக்கு, பிஸ்கட் எதுவும் ஆகாதாம். வயிறு நிறையும், சத்து இராது, உப்பும் கெடுதல். ஊற வைத்த நொய், தவிடு, நறுக்கிய கீரை, கிடைத்தால் நத்தை, இவைதான் உணவு. குடிக்க வைக்கும் தண்ணீர் தலை முங்கும் ஆழம் இருக்க வேண்டும். வாத்து தண்ணீரோடு சேர்த்துத்தான் விழுங்கும். கண்ணையும் மூக்கையும் கழுவிக்கொள்வதும் அந்தத் தண்ணீரில்தான்.

ஐவரும் முறை வைத்துக்கொண்டோம். ஒருத்தி நொய் ஊற வைப்பாள். ஒருத்தி வைக்கோல் மாற்றுவாள். ஒருத்தி மருந்து கலப்பாள். இருவர் வாய்க்காலில் நத்தை பொறுக்குவார்கள். நத்தையைத் தொடவே அருவருத்தவள் பத்து நாளில் ஒரு டப்பா நிறையக் கொண்டு வந்தாள். வாத்து இடும் நாற்றம் எங்களுக்கு முன்பு தெரியாது. பட்டியில் கிடந்து வாழ்பவர்களை நினைத்துக்கொண்டோம். தேர்வுக்குப் படிக்கும்போது அதன் பெட்டிக்கு அருகிலேயே உட்கார்ந்து படித்தோம். வீட்டில் ஏச்சும் கிடைத்தது.

பகலில் கீரி நன்றாகத்தான் இருந்தது. பொழுது சாயும் நேரம்தான் தாங்க முடியாது. தலையைத் தூக்கி, நிறுத்தாமல் கத்தும். பசியும் இல்லை, வலியும் இல்லை. பின் ஏன் என்று புரியவில்லை. ஒருத்தி வீட்டிலிருந்து உடைந்த முகம் பார்க்கும் கண்ணாடித் துண்டை, விளிம்பில் துணி ஒட்டிக் கொண்டு வந்து, பெட்டியின் பக்கத்தில் சாய்த்து வைத்தாள். கீரி கத்துவதை நிறுத்தியது. கண்ணாடியில் தெரிந்த வாத்தை வெகு நேரம் பார்த்தது. பிறகு அதை ஒட்டி உட்கார்ந்து, அலகை முதுகில் செருகிக்கொண்டு தூங்கிவிட்டது. நாங்கள் ஐந்து பேர் சுற்றி இருந்தும் அது தனியாக இருந்தது என்பது அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. இத்தனை மாதமாகப் பேருந்துச் சத்தத்துக்கு ஓடி வந்தது பொரிக்காக மட்டும்தானா என்று நினைத்துப் பார்த்தோம். விடை தெரியவில்லை.

மூன்று வாரம் கழித்து மருத்துவர் கட்டை அவிழ்த்தார். எலும்பு கூடியிருந்தது. சிறகின் நுனி மட்டும் கீழே தாழ்ந்தே நின்றது. அன்று மாலை மகிழ்ச்சி தாங்காமல், பெரிய தொட்டியில் தண்ணீர் நிரப்பிக் கீரியை விட்டோம். வாத்துக்கு நீச்சல் சொல்லித் தர வேண்டுமா? ஆனால் அது மிதக்கவில்லை! இறகுகள் துணி போல நனைந்து, பின்பக்கம் அமிழத் தொடங்கியது. அலறிப் பிடித்து வெளியே எடுத்தோம். குளிரில் நடுங்கியது. அடுப்பருகே வைத்துத் துடைத்தோம்.

வாத்தின் வால் அடியில், மேல் பக்கமாக, ஓர் எண்ணெய்ச் சுரப்பி இருக்கிறது. அலகால் அதைத் தொட்டுத் தொட்டு இறகு முழுவதும் கோதிக்கொள்வதால்தான் தண்ணீர் ஒட்டுவதில்லை. மூன்று வாரம் கட்டுக்குள் கிடந்ததால் கீரி கோதவில்லை. நாங்கள் பூசிய எண்ணெயும் இறகைக் கெடுத்திருந்தது. தினமும் ஐந்து நிமிடம் தாம்பாளத் தண்ணீரில் நிற்க விட்டு, பிறகு வெயிலில் விடும்படி மருத்துவர் சொன்னார். ஒவ்வொரு நாளும் அது மணிக்கணக்கில் இறகைக் கோதியது. பொங்கல் கழிந்த ஒரு நாள் தொட்டியில் விட்டபோது தக்கை போல மிதந்தது. முதுகில் விழுந்த தண்ணீர் முத்து முத்தாக உருண்டு ஓடியது. நாங்கள் கை தட்டியதில் தெருவே வந்துவிட்டது.

இனி என்ன செய்வது? ஏரியில் விட்டால் மறுபடி சாலைக்கு வரும். வீட்டில் வைத்தால் மாலைதோறும் கத்தும். எங்கள் ஐவருக்குள் முதல் முறையாகச் சண்டை வந்தது. இரண்டு நாள் இருவர் மற்றவர்களோடு பேசவில்லை.

2025 பிப்ரவரியில் மந்தை வந்தது. கீரியைப் பெட்டியில் வைத்துக்கொண்டு பட்டி போட்டிருந்த வயலுக்குப் போனோம். வாத்துக்காரர் அதன் காலைத் தூக்கி விரல்களுக்கு இடையில் உள்ள தோலைப் பார்த்தார். ஓரத்தில் சின்ன வெட்டு ஒன்று இருந்தது. இத்தனை நாள் கையில் வைத்திருந்தும் நாங்கள் அதைக் கவனிக்கவில்லை.

"என்னுதுதான்" என்றார். எங்கள் நெஞ்சு திக்கென்றது. பிறகு சிறகை விரித்துப் பார்த்தார். "நல்லா கட்டியிருக்கீங்க பாப்பா. ஆனா இது மந்தையோட நடக்காது. ஒரு நாளைக்கு எத்தனை கல்லு நடக்கணும்! லாரியில ஏத்துனா மத்தது மிதிச்சிடும்."

எங்களில் ஒருத்தி துணிந்து கேட்டாள்: "உங்களோடு வந்தால் கடைசியில் இதை என்ன செய்வீர்கள், ஐயா?"

அவர் ஒளிக்கவில்லை. "முட்டை விடற வரைக்கும் வெச்சிருப்போம். அப்புறம் கறிக்குத்தான் போவும். இதுல பொழைக்கறவன் நான். பொய் சொல்ல மாட்டேன்" என்றார். அவர் மேல் எங்களுக்குக் கோபம் வரவில்லை. எங்கள் வீடுகளிலும் முட்டை உண்கிறோம், கறி உண்கிறோம். அவருடைய வாத்துகள் நல்ல தண்ணீரிலும் வெளியிலும் வாழ்ந்தன. எங்கள் கீரி சாலையில் பிஸ்கட் தின்று நாய் வாயில் விழுந்தது. யாரை யார் குறை சொல்வது?

மறுநாள் வரை தவணை கேட்டுக்கொண்டு சிஸ்டரிடம் ஓடினோம். "நாங்களே வளர்க்கிறோம், சிஸ்டர். மாறி மாறி வைத்துக்கொள்கிறோம்" என்று கெஞ்சினோம். சிஸ்டர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "உங்களுக்கு என்ன வேண்டும் என்று சொல்லிவிட்டீர்கள். அதற்கு என்ன வேண்டும்?" என்றார்கள். கண்ணாடியை ஒட்டித் தூங்கியதை நினைத்துக்கொண்டோம். யாருக்கும் பேச்சு வரவில்லை.

அன்று மாலை ஏரியின் மறுகரைக்கு நடந்தோம். அந்தப் பக்கம் சாலை கிடையாது. அங்கே கிணற்றடியில் நான்கு வாத்து வளர்க்கும் ஒரு பாட்டி இருக்கிறார் என்று டீக்கடைத் தாத்தா சொல்லியிருந்தார். முட்டைக்காக வளர்க்கிறார், இரவில் மூங்கில் கூண்டில் அடைக்கிறார். பாட்டி கீரியைத் தூக்கிப் பார்த்து, "இருந்துட்டுப் போவட்டும். நாலோட அஞ்சு" என்றார். பிறகு எங்களைப் பார்த்து விரலை நீட்டினார். "ஆனா ஒண்ணு. நீங்க பாக்க வரலாம். தீனி எடுத்துக்கிட்டு வரக் கூடாது. கூப்பிடவும் கூடாது. உங்களத் தேடிக்கிட்டு அது மறுபடியும் ரோட்டுக்குப் போவக் கூடாது." டீக்கடைத் தாத்தா எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறார் போலும். நாங்கள் தலை குனிந்து சம்மதித்தோம்.

வாத்துக்காரரிடம் போய், நாங்கள் சேர்த்து வைத்திருந்த முந்நூறு ரூபாயை நீட்டினோம். அவர் வாங்க மறுத்தார். "சும்மா குடுத்தா தங்காதுன்னு சொல்லுவாங்க. அதனால ஒரு பத்து ரூபா குடுங்க, போதும்" என்றார். ஆளுக்கு இரண்டு ரூபாய் எடுத்து அவர் கையில் வைத்தோம். கீரி விலைக்கு வாங்கப்பட்டது. மீதிப் பணத்தில் பாட்டிக்கு ஒரு மூட்டை தவிடு வாங்கிக் கொடுத்தோம்.

கொண்டு போய் விட்ட அன்று கீரி சற்று நேரம் கிணற்றடியிலேயே நின்றது. பாட்டியின் வாத்துகள் முதலில் கொத்தின. எங்களுக்குப் பதறியது. பாட்டி, "பேசாம இருங்க" என்றார். பிறகு அவை நான்கும் வரிசையாக ஏரிக்கு இறங்கின. கீரியும் பின்னாலேயே, தாழ்ந்த சிறகை ஆட்டிக்கொண்டு போயிற்று. திரும்பிப் பார்க்கவில்லை. எங்களில் ஒருத்தி கூப்பிட வாயெடுத்தாள். பக்கத்தில் நின்றவள் அவள் கையைப் பற்றினாள். அவள் கூப்பிடவில்லை.

அன்புத் தோழியரே, எங்கள் அனுபவத்தில் கற்றதைச் சுருக்கமாகச் சொல்கிறோம். அடிபட்ட பறவையைக் கண்டால் முதலில் துணி போட்டு மூடி, காற்றுப் புகும் பெட்டியில் இருட்டாக, அமைதியாக வையுங்கள். வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். எண்ணெயும் மஞ்சளும் பூசாதீர்கள். வீட்டுப் பறவையானால் கால்நடை மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள்; 1962 என்ற இலவச எண்ணிலும் கால்நடை உதவி கேட்கலாம். காட்டுப் பறவையானால் வனத்துறைக்குச் சொல்லுங்கள். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அவற்றை வீட்டில் வளர்க்க நமக்கு உரிமை இல்லை. இறந்து கிடக்கும் பறவையை வெறுங்கையால் தொடாதீர்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, தண்ணீரில் வாழும் ஜீவனைத் தரைக்கு அழைக்காதீர்கள். நம் மாவட்டத்துக் கழுவெளி 2021ஆம் ஆண்டு பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டு, 2024ஆம் ஆண்டு பன்னாட்டுச் சிறப்புடைய ராம்சார் ஈரநிலமாகவும் ஆனது. அங்கே சுற்றுலா சென்றாலும், வேடந்தாங்கல் சென்றாலும், கையில் இருக்கும் பொரியைப் பையிலேயே வைத்திருங்கள்.

நாங்கள் இப்போது பத்தாம் வகுப்பு. இந்த ஆண்டும் ஐப்பசி மழை பெய்து ஏரி நிறைந்திருக்கிறது. காலையில் பேருந்துக்கு நிற்கும்போது தூரத்தில் மறுகரையில் ஐந்து வாத்துகள் நீந்துவது தெரியும். அவற்றில் ஒன்று மட்டும் ஒரு பக்கம் சிறகு தாழ்ந்து போகும். பேருந்து வரும் சத்தம் கேட்டு நாங்கள் அந்தப் பக்கம் பார்ப்போம். கீரி தலையைத் தூக்குவதில்லை. மற்ற நான்கோடு சேர்ந்து நாணலுக்குள் போய்விடுகிறது.

டீக்கடைத் தாத்தா எங்களைப் பார்த்துச் சிரிக்கிறார். நாங்களும் சிரித்துவிட்டுப் பேருந்தில் ஏறுகிறோம்.